முழங்காலுக்கு வைத்த சைக்கிள் நேர்த்தி

அறுபத்தொன்பது வயதில் நான் சைக்கிளில் ஊர் ஊராகப் போனேன் என்று சொன்னால் லண்டன் செவன் கிங்ஸில் பாதிப்பேர் நம்புவதில்லை. மற்றப் பாதிப்பேர் என் மச்சாள் சொல்லும் கதையை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒருவரை ஒருவர் மச்சாள் என்றே கூப்பிடுவோம். ஜேர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவள். அவள் சொல்லும் கதைகளில் எப்போதும் அவள்தான் வாகனம் ஓட்டுவாள், மற்றவர்கள் எல்லாரும் வழி தவறுவார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைக்கிறேன்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், ஆறுதலாக எழுதுவேன். ஆங்கிலத்தில் இலக்கங்கள் மட்டும் தெரியும். ஆனால் இலக்கத்தில் என்னை ஒருவரும் வெல்ல ஏலாது. லண்டனுக்கு வந்த நாள் முதல் பஸ் நம்பரை வைத்தே சீவித்திருக்கிறேன். ஃபாரஸ்ட் கேட்டுக்கு எண்பத்தாறு. ஈஸ்ட் ஹாமுக்கு இல்ஃபோர்டில் மாறி நூற்றிநாற்பத்தேழு. ஒரு நாளும் தவறியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

போன வருடம் என் வலது முழங்காலைத் திறந்து, பழையதை எடுத்துவிட்டு இரும்பு வைத்துத் தைத்தார்கள். தடியோடு நடந்துகொண்டிருந்த காலம். ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, எங்கள் பங்குக் கோயிலில் இருந்து வால்சிங்கம் மாதா கோயிலுக்கு மூன்று நாள் சைக்கிள் யாத்திரை போகப்போகிறோம் என்று ஒருவர் அறிவித்தார். ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயது தாண்டியவர், நான் தம்பி என்பேன். கால் சுகமானால் நானும் வருவேன் என்று சும்மா ஒரு வாய்க்குச் சொன்னேன். யாத்திரைக்குச் சாப்பாட்டு வான் ஓட்ட ஏற்றிருந்த மச்சாள் வாயில் ரோல்ஸோடு சிரித்தாள்.

"மச்சாள், உமக்கு பஸ்ஸில ஏறவே பின்னால ஒராள் தள்ள வேணும். சைக்கிளோ? நீர் என்ர சாப்பாட்டு வானுக்குள்ளதான் வருவீர். முன் சீற்றைத் துடைச்சு வைக்கிறன்."

நாற்பது பேருக்கு முன்னால் சொன்னாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. தடியை நிலத்தில் குத்தி எழும்பினேன்.

"மாதா அறிய நேர்த்தி வைக்கிறன். இந்த முழங்கால் வடிவா மடங்கினா, முதல் நாள் ஓட்டம் முழுக்க நான் சைக்கிளில வருவன். வானுக்குள்ள கால் வைக்க மாட்டன். வைச்சா மாதா இந்த முழங்காலைத் திருப்பி எடுக்கட்டும்!"

 பூசை செய்த எங்கள் சுவாமி கோப்பையைக் கீழே வைத்தார்.

"நேர்த்தி வைக்கேக்க அந்தக் கடைசி வசனம் தேவையில்லை அம்மா," என்றார்.

தேவையில்லைதான். ஆனால் சொல்லியாயிற்று. மாசியில் முழங்கால் மடங்கத் தொடங்கியது. சித்திரையில் குதிக்கால் தொடையைத் தொட்டது. தேகப்பயிற்சி சொல்லித்தரும் பெண் மற்ற நோயாளிகளுக்குக் காட்ட அதைப் படம் எடுத்துக்கொண்டு போனாள். மாதா தன் பங்கை முடித்துவிட்டார். இனி என் பங்கு.

ஃபாரஸ்ட் கேட்டில் கூடை வைத்த பெண்கள் சைக்கிள் ஒன்று பழசாக வாங்கினேன். சைக்கிள் எனக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் பொம்பிளைகள் எல்லாரும் சைக்கிள் ஓடுவார்கள். இரண்டு மாதம் காலையில் பூங்காவைச் சுற்றினேன். ஆடியில் ஒரு சனிக்கிழமை, கோயில் முற்றத்தில் இருபது பேர் நின்றோம். சல்வாருக்கு மேல் மஞ்சள் அங்கி போட்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை றோட்டுக் கடக்க விடும் மனுசி மாதிரி இருக்கிறது என்றாள் மச்சாள். இருக்கட்டும் என்றேன். சுவாமி சைக்கிள்களுக்குத் தீர்த்தம் தெளித்தார். அவரும் எங்களோடு ஓடினார், அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு. அவருடைய முழங்கால்களை அதுவரை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. முதல் ஐந்து மைலும் எங்கே பார்ப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

லண்டன் வீடுகள் முடிந்ததும் வயல். எல்லாம் கோதுமை. விளைந்து மஞ்சளாகி வானம் தொடும் இடம் வரை கிடந்தது. தூரத்தில் ஓர் ஊரின் கோயில் கோபுரக் கூர் தெரியும். மூன்று மைல் மிதித்தாலும் அது முதல் நின்ற இடத்திலேயே நிற்கும். அன்று காற்று நேரே முகத்தில் அடித்தது. வாயைத் திறந்தால் பூச்சி போகும். எனக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பது பழக்கமில்லை என்பதால் இரண்டு போனது.

ஈஸ்ட் ஹாம் தம்பியிடம் ஒரு விசில் இருந்தது. திரும்புவதற்கு ஒரு ஊதல், நிற்பதற்கு இரண்டு. எனக்கென்று மூன்றாவது ஒன்று வைத்திருந்தார். நீளமாக, இரக்கப்பட்டு ஊதுவார். அதைக் கேட்டதும் எல்லாரும் காலை ஊன்றி நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஐந்தாம் தரம் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்கள் போங்கோ தம்பி. எனக்காக நிண்டு நிண்டு போனா நாளைக்கும் போய்ச் சேரமாட்டியள்."

"உங்களுக்கு வழி தெரியுமோ அம்மா?" என்று ஒரு தாளை நீட்டினார். ஒரு பக்கம் முழுக்க ஆங்கிலம். நான் மேலிருந்து கீழே ஆறுதலாகப் பார்த்தேன். மறுபக்கமும் திருப்பிப் பார்த்தேன். அது வெறுமையாக இருந்தது. மடித்துக் கூடைக்குள் வைத்தேன்.

"எல்லாம் வடிவா விளங்குது," என்றேன்.

"முக்கியமா ஒண்டு. சந்திக்குச் சந்தி சின்ன நீலப் பலகையில பதினாறு எண்டு கிடக்கும். அதைப் பிடிச்சு வந்தாச் சரி. அடுத்ததுக்கு அடுத்த ஊரில தேத்தண்ணிக்கு நிப்பம்."

பதினாறு! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் தாளே தேவையில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். நான் பதினாறைப் பிடித்து வந்தேன். முதலில் ஒரு சிற்றூர். ஒரு குளம், அதில் வாத்துகள், வெள்ளைக் குதிரை கீறிய பலகை தொங்கும் மதுக்கடை, குளக்கரையில் இருப்பதற்கு ஒரு மர வாங்கு. வாங்கில் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர், காலடியில் ஒரு காது மட்டும் வெள்ளையான மண்ணிற நாய். நாய் என் கூடையைப் பார்த்தது. மீன் பற்றிஸ் ஒன்றை உடைத்துப் பாதி போட்டேன். கிழவர் ஏதோ சொன்னார். "தேங்க்யூ" என்றேன். எதற்கும் அது பொருந்தும்.

ஐந்து மைல் கழித்து அடுத்த ஊர். நான் போய்ச் சேர, அவர்கள் தேத்தண்ணி குடித்து முடித்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சாள் வான் கண்ணாடியை இறக்கினாள்.

"இன்னும் உயிரோடதான் இருக்கிறீரோ?"

"ஏன், சீற்றைத் துடைச்சு வைச்சிட்டு வாடகைக்கு ஆள் தேடுறீரோ?"

"மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் ஏழு மைல். இருபது பேற்ற சோறும் இறைச்சிக் கறியும் பின்னால கிடக்கு. இருட்ட முந்தி வாரும்," என்று சொல்லிவிட்டு ஓட்டினாள்.

நான் தேத்தண்ணிக் கடைக்குள் போய்க் காலை நீட்டி இருந்தேன். அந்தக் கடைக்கு இரண்டு வாசல். கழிவறைக்குப் போய்விட்டு மற்ற வாசலால் வெளியே வந்து, சுற்றி நடந்து, சைக்கிளை எடுத்தேன். எதிரே நீலப் பலகை. பதினாறு. ஏறி மிதித்தேன்.

மிதித்ததும் ஓர் அற்புதம் நடந்தது. காலையிலிருந்து முகத்தில் அடித்த காற்று முதுகைத் தள்ளியது. சைக்கிள் தானாக ஓடியது. மாதாதான் தள்ளுகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. வழியில் ஒருவரும் இல்லாதபடியால் மாதா பாட்டு ஒன்றை உரத்துப் பாடிக்கொண்டு போனேன். இந்த வேகத்தில் போனால் எல்லாரையும் முந்தி, மச்சாள் சோற்றை இறக்கும்போது நான் அங்கே காலுக்கு மேல் கால் போட்டு இருப்பேன் என்று நினைத்தேன்.

அடுத்த ஊர் வந்தது. ஒரு குளம், வாத்துகள், வெள்ளைக் குதிரைப் பலகை. இந்த நாட்டுச் சிற்றூர்களை எல்லாம் ஒரே அச்சில்தான் வார்த்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். குளக்கரையில் வாங்கு. அதில் தொப்பி போட்ட ஒரு கிழவர். காலடியில் மண்ணிற நாய், ஒரு காது வெள்ளை. முதல் கண்ட நாயின் கூடப்பிறந்ததாக இருக்கும், பக்கத்து ஊர்தானே என்று நினைத்தேன். ஆனால் பாசமான நாய். என்னைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து நேரே கூடைக்குள் மூக்கை விட்டது. மிச்சப் பாதிப் பற்றிஸைப் போட்டேன்.

கிழவர் எழும்பி நின்றார். நான் வந்த பக்கத்தைக் காட்டினார், போகும் பக்கத்தைக் காட்டினார், கையை வட்டமாகச் சுற்றினார். நிறையப் பேசினார்.

"யெஸ், யெஸ்," என்றேன். தன் தேகப்பயிற்சியைப் பற்றிச் சொல்கிறார் போல. பாவம், பேச ஆளில்லை. வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு முழுப் பற்றிஸைக் கொடுத்தேன். கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் முழுவதும் தின்றார். நல்ல வளர்ப்பு. இருவருமாக வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தோம்.

அப்போதுதான் ஹோர்ன் சத்தம். மச்சாளின் வான் குளக்கரையில் சக்கரம் தேய நின்றது. மத்தியான இடத்தில், நான் வந்தபின்தான் சாப்பாடு இறக்குவது என்று ஒரு மணித்தியாலம் பார்த்திருந்துவிட்டு, என்னைக் காணாமல் போன் அடித்திருக்கிறாள். என் கைப்பை அவளுடைய சீற்றுக்குப் பின்னால் கிடந்து மணி அடித்திருக்கிறது. உடனே வானைத் திருப்பிவிட்டாள். இறங்கி வந்தவள் என்னோடு பேசவில்லை. கிழவரோடு ஆங்கிலத்தில் பேசினாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"மச்சாள், இந்த மனிசனைத் தெரியுமோ?"

"இப்பத்தான் கண்டனான். முந்தின ஊர் ஒண்டிலயும் இவரை மாதிரி ஒராள் இருந்தவர்."

"முந்தின ஊரோ? இதுதானப்பா அந்த ஊர்! இவர்தான் அந்த மனிசன்! இதுதான் அந்த நாய்! பிழையான பக்கம் போறீர் எண்டு அந்தாள் தொண்டை கிழியச் சொன்னவராம். நீர் யெஸ் யெஸ் எண்டு சொல்லிப்போட்டு அவருக்குப் பற்றிஸ் குடுத்தனீராம்!"

நான் நாயைப் பார்த்தேன். அது வேறு பக்கம் பார்த்தது.

"பதினாறைப் பாத்துத்தான் வந்தனான்," என்றேன்.

"பதினாறு ரெண்டு பக்கமும் போகும் மச்சாள்! ஈஸ்ட் ஹாமுக்குப் போறதும் நூற்றிநாற்பத்தேழு, திரும்பி வாறதும் நூற்றிநாற்பத்தேழு தானே?"

 லண்டனில் ஒரு நாளும் நான் றோட்டின் பிழையான பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றதில்லை.

"தம்பி தந்த தாளில எல்லாம் எழுதிக் கிடந்தது. வாசிக்கேல்லையோ?"

"கண்ணாடி கொண்டு வரேல்லை."

கண்ணாடி என் மூக்கில் இருந்தது. மச்சாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கூடையிலிருந்து தாளை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

"சரி. வானுக்குள்ள ஏறும்."

"ஏற மாட்டன்."

"பிழையாப் போன ஐஞ்சு மைலும் நேர்த்திக்குள்ள இல்லை. அந்தத் தேத்தண்ணிக் கடை மட்டும் கொண்டுபோய் விடுறன். அதிலயிருந்து மிதியும்."

"வானுக்குள்ள கால் வைக்க மாட்டன் எண்டுதான் நேர்ந்தனான். எந்தப் பக்கம் போற வான் எண்டு நேரேல்லை."

அவள் சுவாமிக்குப் போன் எடுத்தாள். சுவாமி, "அம்மா, ஏறுங்கோ. மாதாவுக்கு எல்லாம் விளங்கும்," என்றார். அவருடைய குரலில் பசி இருந்தது. சுவாமி மன்னிப்பார், தெரியும். மாதாவும் மன்னிப்பார். ஆனால் மச்சாள் இதை இனி வரும் கலியாண வீடு எல்லாவற்றிலும் சொல்லுவாள். சைக்கிளில் ஏறினேன்.

"நீர் போய்ச் சனத்துக்குச் சோத்தைக் குடும். நான் மெல்ல வருவன்."

சோறு என்றதும் மச்சாள் தலையில் கையை வைத்தாள். என்னைத் தேடும் அவசரத்தில் ஒரு பார்சலைக்கூட இறக்காமல் வானைத் திருப்பியிருக்கிறாள். பத்தொன்பது பேர் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் வெறுவயிற்றோடு இருக்கிறார்கள்.

"அப்ப கெதியாப் போமன்," என்றேன்.

"உம்மைத் தனிய விட்டா நீர் பின்னேரம் செவன் கிங்ஸில நிப்பீர்!"



இப்படித்தான் புறப்பட்டோம். முன்னால் நான். பின்னால் லைற்றை மினுக்கி மினுக்கிக்கொண்டு மச்சாளின் வான். அதற்குப் பின்னால் ஒரு டிராக்டர், பிறகு ஏழெட்டுக் கார்கள். காற்று மறுபடி முகத்தில். மாதா தள்ளவில்லை, அது வெறும் காற்றுத்தான் என்று அப்போது விளங்கியது. ஜேர்மனியில் நூறு மைல் வேகத்தில் ஓடியதாகச் சொல்லும் மச்சாள், அன்று வாத்து நடக்கும் வேகத்தில் வந்தாள்.

"வலம் பாரும்! தண்ணியைக் குடியும்! இடுப்பை ஆட்டாதையும், டிராக்டர்க்காரன் சிரிக்கிறான்!"

அவளுடைய போன் விடாமல் அடித்தது. ஒருமுறை அவள் கத்தியது எனக்கே கேட்டது. "சோறு வருது தம்பி! ஆறு மைல் வேகத்தில, ஒரு பொம்பிளைக்குப் பின்னால வருது!"

தேத்தண்ணி ஊரைத் தாண்டி நாலு மைல் போனபின் எனக்கு முடியவில்லை. முழங்கால் இல்லை, முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. மனம். என் பிள்ளைகள் வயதுள்ளவர்கள் என் வாயால் பட்டினி கிடக்கிறார்கள். என்னுடைய முழங்கால் என்னோடு. அவர்களுடைய வயிறு என்ன பாவம் செய்தது? சைக்கிளை வயல் ஓரத்தில் சாத்தினேன். வானுக்குக் கிட்டப் போனேன்.

"கதவைத் திறவும் மச்சாள். ஏறுறன்."

இத்தனை மாதமாக அவள் காத்திருந்த சொல். திறக்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"மாதாவிட்டை என்ன சொன்னனீர்? திருப்பி எடுக்கட்டும் எண்டு தானே?"

"ஓம். எடுத்தா எடுக்கட்டும்."

"எடுத்தா எடுக்கட்டுமோ? அந்தக் காலுக்கு ஆறு கிழமையா விடிய விடிய வந்து அந்த இறுக்கமான சொக்ஸை ஆர் போட்டு விட்டது? நீர் கத்தக் கத்த, என்ர நகம் ரெண்டு முறிஞ்சது! அது உம்மட முழங்கால் மட்டுமில்லை. திருப்பிக் குடுக்க விடமாட்டன். இன்னும் மூண்டு மைல். ஏறி மிதியும்!"

கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹோர்னை ஒரு தரம் நீளமாக அடித்தாள். டிராக்டர்க்காரனும் அடித்தான். அவனுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. நான் ஏறி மிதித்தேன். அந்த மூன்று மைலும் நான் நிற்கவே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு இடத்துக்கு நாங்கள் போகும்போது மணி நாலு. எல்லாரும் புல்லில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். என்னைக் கண்டு எழும்பிக் கை தட்டினார்கள். அது எனக்கா, எனக்குப் பின்னால் வந்த இறைச்சிக் கறிக்கா என்று நான் ஆராயவில்லை. இரண்டொருவர் சிப்ஸ் கடுதாசியை அவசரமாக ஒளித்தார்கள். சுவாமி செபத்தைத் தொடங்கி, நடுவில் இரண்டு வரியை விட்டுவிட்டு ஆமென் சொன்னார்.

மீதி ஒன்பது மைலும் எல்லாரும் என்னோடு சேர்ந்தே ஓடினார்கள். அவ்வளவு சோறு தின்றபின் ஒருவராலும் என்னை முந்த முடியவில்லை. வெயில் இன்னும் இருக்கும்போதே இராத் தங்கும் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மற்றவர்களைவிடப் பத்து மைல் கூட ஓடினவள் நான் ஒருத்திதான். ஈஸ்ட் ஹாம் தம்பியிடம் அதைக் கொப்பியில் எழுதச் சொன்னேன். எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்காதீர்கள், ஆங்கிலத்தில் எழுதினார்.

அடுத்த நாள் விடிய மற்றவர்கள் இரண்டாம் நாள் ஓட்டத்துக்குப் புறப்பட்டார்கள். சாப்பாட்டுக்கு வேறு பங்கின் ஆட்கள் வந்துவிட்டார்கள். என் நேர்த்தி ஒரு நாளைக்குத்தான். சைக்கிளை மச்சாள் வானின் பின்னால் ஏற்றினாள். முன் கதவைத் திறந்துவிட்டு, மறுபக்கம் போய் ஏறி இருந்தாள்.

வாசலில் நின்று முழங்காலை ஒருமுறை மடக்கிப் பார்த்தேன். மடங்கியது. வானுக்குள் காலை வைத்தேன். ஏறி இருந்தபின் மறுபடியும் மடக்கிப் பார்த்தேன்.

"என்ன, கிடக்கோ?" என்றாள் மச்சாள், றோட்டைப் பார்த்தபடி.

"கிடக்கு."

"அப்ப சீற் பெல்ற்றைப் போடும்."